ஐஸ் கட்டியின் அடியில் தங்கிய வெள்ளைத் தூள்: ஒரு நிகழ்வு ஆய்வு

திருப்பூரில் ஜூஸ் கடை வைத்திருக்கும் ஒருவர் கொண்டுவந்த புகார் இது. சித்திரை மாதம், கடையில் கூட்டம் நிற்கும் நேரம். காலையில் வாங்கும் ஐஸ் கட்டியை உடைத்துத் தெர்மாகோல் பெட்டியில் போட்டு வைப்பார். இரவு கடை சாத்தும்போது உருகிய தண்ணீரை வடித்தால் பெட்டியின் அடியில் வெள்ளையாக ஒரு படிவு இருந்தது. விரலில் எடுத்துத் தேய்த்தால் நறநறவென்றது. சில நாள் அதோடு துரு நிறமும் சேர்ந்து வந்தது. வாடிக்கையாளர் ஒருவர் சர்பத் கிளாஸின் அடியில் அதைப் பார்த்து, படம் பிடித்து வாட்ஸ்அப்பில் போட்டுவிட்டார். அதற்கு மேல் பொறுத்துக்கொள்ள முடியாமல்தான் ஒரு ஜாடியில் தூளையும், இன்னொரு ஜாடியில் உருகிய தண்ணீரையும் எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தார்.

"ஏனுங் சார், சுண்ணாம்பக் கிண்ணாம்பக் கலந்திருக்காங்களா, இல்ல வேற ஏதாச்சும் மருந்தா? பாத்துச் சொல்லுங்க."

ஐஸ் கொடுத்தவர் பெருந்துறைக்கும் ஊத்துக்குளிக்கும் நடுவில் ஃபேக்டரி நடத்துகிறார். பெயர் இங்கே தேவையில்லை. போனில் கேட்டதற்கு அவர் கோபப்படவில்லை. "தண்ணியத் தவிர ஒண்ணும் ஊத்தறதில்லீங்க. நம்பலைன்னா ஒரு நாளு வந்து பாத்துட்டுப் போங்க" என்றார்.

இரண்டு பேர் சொன்னதும் உண்மைதான். தண்ணீரைத் தவிர எதுவும் கலக்கவில்லை, ஆனால் தூள் வந்தது. தண்ணீர் சோதனையே தொழிலாக இருக்கும் எனக்கு இந்த மாதிரிப் புகார் மேல் தனி ருசி உண்டு. யார் குற்றவாளி என்று தேடப் போய், கடைசியில் உறைவது என்ற செயலே கையும் களவுமாக மாட்டிக்கொண்டது.

ஃபேக்டரியில் பார்த்தது

பெரிய ஐஸ் கட்டி செய்யும் முறை கொங்கு நாட்டில் எங்கே போனாலும் ஏறத்தாழ ஒன்றுதான். தரைக்குள் இறக்கிக் கட்டிய பெரிய தொட்டி. அதற்குள் கல் உப்பைக் கரைத்த உப்புநீர். அமோனியா கம்ப்ரசர் அந்த உப்புநீரை மைனஸ் 8, மைனஸ் 10 டிகிரி வரை குளிர வைக்கும். உப்பு இருப்பதால் தொட்டித் தண்ணீர் உறையாது. அதில் துத்தநாகம் பூசிய நீளமான இரும்புக் கேன்களை வரிசையாக இறக்கி, கேனுக்குள் நல்ல தண்ணீரை நிரப்பி, மேலே மரப்பலகையால் மூடிவிடுவார்கள். நூற்று முப்பது, நூற்று ஐம்பது கிலோ கட்டி முழுதாக உறைய ஒன்றரை நாளிலிருந்து இரண்டு நாள் ஆகும். உறைந்ததும் கேனைத் தூக்கிச் சாதாரணத் தண்ணீரில் ஒரு முக்கு முக்கினால் ஓரம் இளகும். சாய்த்தால் கட்டி வழுக்கிக்கொண்டு வெளியே வந்துவிடும்.

இதில் நமக்கு முக்கியமான பகுதி, கேனுக்குள் போகும் மெல்லிய காற்றுக் குழாய். உறையும் நேரம் முழுக்கக் காற்று குமிழியிட்டுத் தண்ணீரைக் கலக்கிக்கொண்டே இருக்கும். அப்போதுதான் கட்டி கண்ணாடியாக வரும். குளிர் கேனின் சுவரிலிருந்து உள்நோக்கி வருவதால் ஓரம் முதலில் உறையும், நடு கடைசியில் உறையும். நடு உறைவதற்குக் கொஞ்சம் முன்பு குழாயை உருவிவிட வேண்டும், இல்லாவிட்டால் அதுவும் சேர்ந்து உறைந்துபோகும். கட்டியைக் குறுக்கே உடைத்தால் சுற்றிலும் தெளிவாகவும், நடுவில் கை அகலத்துக்கு வெள்ளையாகவும் தெரிவது இதனால்தான். அந்த வெள்ளை நடு எல்லோருக்கும் தெரிந்தது. ஆனால் அது வெறும் காற்றுக் குமிழி என்றுதான் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

பேச்சுவாக்கில் ஃபேக்டரிக்காரர் ஒரு விஷயம் சொன்னார். மாசி வரைக்கும் பவானித் தண்ணீர் லாரியில் வந்துகொண்டிருந்தது. பங்குனியில் லாரி விலை ஏறியதும் சொந்த போர்வெல்லுக்கு மாறிவிட்டார். போர் எண்ணூறு அடிக்கு மேல். தண்ணீர் கண்ணுக்குப் பளிச்சென்று இருக்கிறது, வாயில் வைத்தால்தான் உப்புக் கரிக்கிறது. புகார் வந்த காலமும் போருக்கு மாறிய காலமும் பொருந்தின. அங்கேயே பாதி விடை கிடைத்துவிட்டது. மீதிப் பாதிதான் சுவாரசியம்: தெளிவான தண்ணீரில் இல்லாத தூள் எங்கிருந்து வந்தது?

சந்தேகப் பட்டியல்

என் மனதில் மூன்று இருந்தன. யாரோ கலந்தது, தொட்டி உப்புநீர் ஓட்டைக் கேன் வழியாக உள்ளே கசிந்தது, தண்ணீரே செய்தது.

முதல் சந்தேகம் சீக்கிரம் விழுந்தது. படிகாரம், யூரியா, சலவைச் சோடா எல்லாம் தண்ணீரில் கரையும். இந்தத் தூள் நல்ல தண்ணீரில் போட்டு எவ்வளவு கலக்கினாலும் கரையவில்லை. நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஒரு சொட்டு விட்டதும் நுரைத்தது. நுரை அடங்கியபோது தூளில் பெரும்பகுதி மறைந்து, பழுப்பாகக் கொஞ்சம் மிச்சம் நின்றது. அந்தப் பழுப்பும் அமிலத்தில் கரைந்த பிறகு, இரும்பைக் காட்டிக்கொடுக்கும் தயோசயனேட் விட்டேன், ரத்தச் சிவப்பு வந்தது. ஆக, வெள்ளை கால்சியம் கார்பனேட், பழுப்பு இரும்பு. ஜூஸ் கடைக்காரருக்கு அமிலப் பாட்டில் தேவைப்படவில்லை. கடையில் இருந்த எலுமிச்சம்பழத்தைப் பிழிந்தே அதே நுரையை அவர் முன்னால் காட்டினேன். "அப்ப சுண்ணாம்புதானுங்களே!" என்று துள்ளினார். சுண்ணாம்பின் சொந்தக்காரன்தான், ஆனால் யாரும் கலந்ததில்லை என்பதை நிரூபிக்க இன்னும் கொஞ்சம் வேலை இருந்தது.

இரண்டாவது சந்தேகத்துக்குக் கணக்குப் பார்த்தால் போதும். ஒரே கட்டியிலிருந்து மூன்று மாதிரி எடுத்தேன்: ஓரத்துச் சில்லு, நடுச் சில்லு, மேலிருந்து கீழ் வரை அறுத்த முழு அகலத் துண்டு. போர்த் தண்ணீரின் டிடிஎஸ், அதாவது லிட்டரில் கரைந்திருக்கும் உப்புகளின் மொத்த மில்லிகிராம், 1200ஐ ஒட்டி இருந்தது. ஓரத்துச் சில்லு உருகிய தண்ணீரில் மீட்டர் நூறைக்கூடத் தொடவில்லை, கேன் தண்ணீரைவிடச் சுத்தம். நடுச் சில்லில் மீட்டர் பல ஆயிரம் காட்டியது. முழு அகலத் துண்டிலோ குளோரைடு அளவு போர்த் தண்ணீரில் இருந்ததே இருந்தது. தொட்டி உப்பு கசிந்திருந்தால் இந்தக் கூட்டுத்தொகை எகிறியிருக்கும். எகிறவில்லை. உள்ளே போன உப்பு மொத்தமும் உள்ளேயே இருக்கிறது, இடம்தான் மாறியிருக்கிறது.

ஒரு விஷயத்தில் மட்டும் கணக்கு இடித்தது. முழுத் துண்டு உருகிய தண்ணீரில் தூளை வடிகட்டிவிட்டு, கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும் எடிடிஏ வைத்துக் கடினத்தன்மை பார்த்தால், போர்த் தண்ணீரைவிடக் குறைவு. பைகார்பனேட்டின் அளவைச் சொல்லும் காரத்தன்மையும் அதே அளவுக்குக் குறைவு. குளோரைடு குறையாமல் கால்சியமும் பைகார்பனேட்டும் மட்டும் ஜோடியாகக் குறைந்திருக்கின்றன என்றால், இரண்டும் சேர்ந்து வேறொன்றாகி வெளியேறிவிட்டன என்றுதான் பொருள். வெறும் இடமாற்றத்தோடு ஒரு வேதிவினையும் நடந்திருக்கிறது.

குளிர்ச்சியா, உறைதலா?

இங்கேதான் பள்ளிக்கூடப் பாடம் குறுக்கே நிற்கிறது. வீட்டு ஹீட்டரில் சுண்ணாம்புப் படிவு பிடிப்பது எல்லோருக்கும் தெரியும். சூடாக்கினால் கார்பன் டை ஆக்சைடு வெளியேறும், கால்சியம் பைகார்பனேட் கால்சியம் கார்பனேட்டாக மாறிப் படியும். கால்சியம் கார்பனேட் மற்ற உப்புகளைப் போல அல்ல, சூட்டைவிடக் குளிரில்தான் அதிகம் கரையும். கார்பன் டை ஆக்சைடும் குளிர்ந்த தண்ணீரில் அதிகம் தங்கும். அப்படியானால் தண்ணீரைக் குளிரவைக்கும்போது படிவு குறையத்தானே வேண்டும்?

குளிரவைக்கும் வரைக்கும் அது சரிதான். அதே போர்த் தண்ணீரை ஒரு பாட்டிலில் மூடி, ஐஸ் உறையும் நேரம் முழுக்க ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் வைத்தேன். ஒரு துளித் தூள் இல்லை. காற்று ஊதுவதுதான் காரணமோ என்று பார்க்க, மீன் தொட்டிப் பம்பை மாட்டி ஒரு வாளித் தண்ணீரைக் குளிரிலேயே ஊதிக்கொண்டிருக்க விட்டேன். கொஞ்சம் மங்கலாயிற்று, அடியில் எதுவும் தங்கவில்லை. அதே தண்ணீரைக் காற்றே இல்லாமல் ஒரு எவர்சில்வர் டம்ளரில் ஃப்ரீசரில் உறையவைத்து உருக்கினால் வெள்ளைச் செதில் மிதந்தது. பவானித் தண்ணீர் டம்ளரில் ஏறக்குறைய ஒன்றுமில்லை. கோயம்புத்தூரிலிருந்து ஒருவர் கொண்டுவந்த சிறுவாணித் தண்ணீரில் சுத்தமாக எதுவுமில்லை. அதைச் சொன்னால் கோயம்புத்தூர்க்காரர்கள் தலைகால் புரியாமல் ஆடுவார்கள், ஆனாலும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

ஆகவே வினையைத் தள்ளியது குளிர்ச்சி அல்ல, உறைதல்தான். இரண்டும் ஒன்று என்று நினைப்பதில்தான் சிக்கலே இருக்கிறது.

கடைசித் தண்ணீரில் நடப்பது

ஐஸ் படிகம் மகா கறாரான ஆள். தண்ணீர் மூலக்கூறுகள் அறுகோணமாகக் கை கோத்து நிற்கும் அந்த அமைப்பில் கால்சியத்துக்கோ பைகார்பனேட்டுக்கோ இடமே கிடையாது. ஃபுளோரைடு, அமோனியம் மாதிரி ஒன்றிரண்டு அயனிகள் கொஞ்சமாக நுழையும், குளோரைடு இன்னும் கொஞ்சமாக. மற்றதெல்லாம் வெளியே. உறையும் முகம் முன்னேற முன்னேற, கரைந்திருந்த அத்தனையும் மிச்சமிருக்கும் தண்ணீருக்குள் தள்ளப்படுகிறது. கரைந்திருந்த காற்றும் கார்பன் டை ஆக்சைடும்கூட அப்படித்தான்.

கவுந்தப்பாடிப் பக்கம் கரும்புச்சாறு காய்ச்சும் கொப்பரையை நினைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் ஆவியாகப் போகப் போகச் சாறு பாகாகிறது. ஐஸ் கேனில் தண்ணீர் ஆவியாகப் போகாமல் ஐஸாகப் போகிறது, அவ்வளவுதான் வித்தியாசம். நடுவில் மிஞ்சுவது பாகு.

எவ்வளவு கெட்டிப்படும் என்பதைக் கணக்கிடலாம். ஒரு கிலோ தண்ணீரில் ஒரு மோல் (துகள்களை எண்ண வேதியியலில் வைத்திருக்கும் அலகு) துகள் கரைந்திருந்தால் உறைநிலை 1.86 டிகிரி இறங்கும். தலைகீழாகச் சொன்னால், மைனஸ் 9 டிகிரியில் உறையாமல் நிற்கும் திரவத்தில் கிலோவுக்கு ஏறத்தாழ 4.8 மோல் துகள் இருந்தே தீர வேண்டும். நாம் ஊற்றிய தண்ணீர் எவ்வளவு நீர்த்தது என்பது இந்த எண்ணை மாற்றாது, அந்தத் திரவத்தின் கொள்ளளவைத்தான் மாற்றும். 1200 டிடிஎஸ் தண்ணீரில் கிலோவுக்குச் சுமார் 0.03 மோல் துகள்கள். அப்படியென்றால் செறிவு நூற்று அறுபது மடங்கு ஏறுகிறது. உப்புகள் சில நடுவழியிலேயே படிந்துவிடுவதால் இது துல்லியக் கணக்கல்ல. ஆனாலும் எந்த அளவு மாற்றம் என்பது புரியும்.

அந்த மிச்சத் திரவம் எங்கே இருக்கிறது? முதலில் கேனின் நடுவில் ஒரு குளமாக. அப்புறம் நடுவும் உறையும்போது ஐஸ் மணிகளுக்கு இடையே முடியை விட மெல்லிய கால்வாய்களாக. சாதாரண உப்பும் தண்ணீரும் சேர்ந்து முழுக்கத் திடமாக மைனஸ் 21 டிகிரி வேண்டும், கால்சியம் குளோரைடுக்கு மைனஸ் 50ஐ ஒட்டி வேண்டும். மைனஸ் 9இல் எடுத்த கட்டி கையில் கல்லாக இருந்தாலும் அதன் நடுவில் திரவம் செத்துப்போகவில்லை. நடுச் சில்லு ஓரச் சில்லைவிடச் சீக்கிரம் இளகுவதை ஜூஸ் கடைக்காரர்கள் கையனுபவமாக அறிவார்கள், அதற்குக் காரணமும் இதுதான்.

கெட்டியான திரவத்தில் கால்சியமும் பைகார்பனேட்டும் ஒன்றையொன்று சந்திக்கும் வாய்ப்பு பலமடங்கு கூடுகிறது. கரைதிறன் எல்லையைத் தாண்டியதும் கால்சியம் கார்பனேட் படிகிறது, கூடவே கார்பன் டை ஆக்சைடு உண்டாகிறது. அந்த வாயுவுக்கும் ஐஸுக்குள் இடமில்லை. ஒன்று காற்றுக் குமிழியோடு மேலே போகும், அல்லது நடுவில் சிக்கி வெள்ளைக் குமிழிகளாக நிற்கும். இது சின்ன அளவு என்று நினைக்க வேண்டாம். லிட்டருக்கு 400 மில்லிகிராம் கார்பனேட் கடினத்தன்மை உள்ள தண்ணீர் 130 லிட்டர் உறைகிறது என்று வையுங்கள். முழுக்கப் படிந்தால் 52 கிராம் தூளும், அறை வெப்பநிலையில் அளந்தால் 12 லிட்டருக்கு மேல் கார்பன் டை ஆக்சைடும் வரும். நடைமுறையில் முழுக்கப் படியாது. பாதி படிந்தாலும் தெர்மாகோல் பெட்டியின் அடி வெளுக்கத்தான் செய்யும்.

சரி, உருகும்போது ஏன் திரும்பக் கரையவில்லை? கரைய அந்தக் கார்பன் டை ஆக்சைடு வேண்டும். அது போய்விட்டது. சுண்ணாம்பைக் கரைத்து வைத்திருந்த சாவியே தொலைந்துவிட்டதால், அதே அளவு தண்ணீர் திரும்ப வந்தும் தூள் தூளாகவே கிடக்கிறது. உறைவது, உருகுவது என்று தண்ணீர் சுற்றி வந்துவிட்டது, வேதியியல் மட்டும் ஒருவழிப் பாதையில் போய்விட்டது.

பழுப்பு நிறம் இதோடு ஒட்டிக்கொண்டு வந்த துணைக்கதை. ஆழ்துளைத் தண்ணீரில் இரும்பு நிறமில்லாத இரும்பு(II) அயனியாகக் கரைந்திருக்கும். காற்று ஊதினால் அது இரும்பு(III) ஆகித் துருவாகப் படியும். துத்தநாகப் பூச்சு உரிந்த பழைய கேன்களும் தங்கள் பங்கைச் சேர்க்கின்றன. துருத் துகள்களையும் உறையும் முகம் நடுவுக்கே ஒதுக்குகிறது, அங்கே வெள்ளைத் தூளில் அது சாயமாக ஏறிக்கொள்கிறது. புதுக் கேனில் உறைந்த கட்டியில் பழுப்பு குறைவாகவும் பழைய கேனில் அதிகமாகவும் இருந்தது. வெள்ளை இரண்டிலும் ஒன்றே.

இதே கதை மற்ற இடங்களில்

நம்மூர் நிலத்தடிப் பாறை நைஸ், சார்னகைட் என்னும் கடினப் பாறை வகைகள். மேலே பல காடுகளில் சுக்கான்கல் கிடக்கிறது. மதுக்கரைப் பக்கம் சிமெண்டுக்கு வெட்டும் அளவுக்குச் சுண்ணாம்புப் பாறையே ஓடுகிறது. இப்படிப்பட்ட மண்ணில் போர் போட்டால் கடினத்தண்ணீர் வருவதில் அதிசயமில்லை. ஆனால் உறைதல் வினைகளைத் தள்ளுவது கொங்கு நாட்டுக்கு மட்டும் சொந்தமான சங்கதி அல்ல. மத்திய ஐரோப்பாவின் குகைகளில் பனியுக காலத்தில் தண்ணீர் மெல்ல உறைந்தபோது படிந்த கால்சைட் படிகங்களைப் புவியியலாளர்கள் இன்றும் பொறுக்கி எடுத்துக் காலம் கணிக்கிறார்கள். அண்டார்டிகாவின் கடல் ஐஸில் ஆறு தண்ணீர் மூலக்கூறு சேர்ந்த கால்சியம் கார்பனேட், ஐக்கைட் என்று அதற்குப் பெயர், இருப்பது 2008இல் வெளியானது. ஐஸ் கட்டியின் நடுவும் அண்டார்டிகாவும் ஒரே விதிக்குக் கட்டுப்பட்டவை.

குளிரில் வினை எப்படி வேகமாகும் என்ற கேள்வியை 1960களில் பின்காக், கியோவ்ஸ்கி என்ற வேதியியலாளர்கள் இருவரும் தெளிவாக வகுத்துக் காட்டினார்கள். வெப்பநிலை பத்து டிகிரி இறங்கினால் வினை வேகம் ஏறத்தாழப் பாதியாகும் என்பது பொதுக்கணக்கு. 30 டிகிரியிலிருந்து மைனஸ் 9க்கு வந்தால் பதினைந்து மடங்கு மந்தமாகும். ஆனால் இரண்டு துகள்கள் மோத வேண்டிய வினையில் செறிவு நூற்று அறுபது மடங்கு ஏறினால், அந்தத் திரவத்துக்குள் வேகம் அதன் வர்க்கமாக, இருபத்தைந்தாயிரம் மடங்கு ஏறுகிறது. திரவத்தின் கொள்ளளவு நூற்று அறுபதில் ஒரு பங்காகச் சுருங்கியதைக் கழித்தாலும் மொத்தத்தில் நூற்று அறுபது மடங்கு லாபம். குளிரால் வரும் பதினைந்து மடங்கு மந்தத்தால் அதை வகுத்தாலும் பத்து மடங்கு மிச்சம். ஒரு மூலக்கூறு தானாக உடையும் வினைக்கு இந்த லாபம் கிடையாது, அது குளிரில் மந்தமாகத்தான் போகும். அதனால்தான் ஃப்ரீசரில் சில பொருட்கள் பத்திரமாக இருக்கின்றன, சில கெட்டுப்போகின்றன.

இதில் பெயர்பெற்ற உதாரணம் நைட்ரைட். தண்ணீரில் கரைந்த ஆக்சிஜன் நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றுவது சாதாரணமாக மிக மெதுவான வினை. அமிலத் தன்மையுள்ள கரைசலை உறையவைத்தால் அது லட்சம் மடங்கு வேகமாகிறது என்று தாகெனாகாவும் அவருடன் வேலை செய்தவர்களும் 1992இல் நேச்சர் இதழில் எழுதினார்கள். நம் போர்த் தண்ணீர் காரப் பக்கம் இருப்பதால் அதில் இந்த வினை எடுபடாது. ஆனால் மாதிரியைக் "கெடாமல் இருக்கட்டும்" என்று அமிலம் விட்டு ஃப்ரீசரில் போடும் பழக்கமுள்ள ஆய்வகங்கள், நைட்ரைட் பார்ப்பதாக இருந்தால் இதை மனதில் வைத்துக்கொள்வது நல்லது. மாதிரி கெடாமல் காக்க வைத்த இடமே மாதிரியைத் தின்றுவிடும்.

நாமக்கல் பக்கம் கோழிப் பண்ணைகளுக்குப் பரிசோதனை செய்யும் நண்பர்களுக்கும் ஒரு செய்தி உண்டு. பி.எச்.ஸை (அமில-கார அளவை) மாறாமல் பிடித்து வைக்கும் சோடியம் பாஸ்பேட் பஃபர் கரைசலை உறையவைத்தால், அதில் காரப் பக்கம் இருக்கும் டைசோடியம் உப்பு முந்திக்கொண்டு படிகமாகிவிடும். மிச்சத் திரவத்தின் பி.எச். 7லிருந்து 4ஐ ஒட்டி இறங்கும். அதில் கிடக்கும் நொதிக்கு என்ன கதி ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. உருக்கிய பிறகு பி.எச். பார்த்தால் பழையபடி 7 காட்டும், குற்றம் நடந்த தடயமே இருக்காது. பொட்டாசியம் பாஸ்பேட்டுக்கு மாறினால் இந்தச் சரிவு பெரும்பாலும் தவிரும்.

உறையும் முகத்தில் மின்னழுத்தம்கூட உண்டாகிறது. ஒரு வகை அயனி ஐஸுக்குள் கொஞ்சம் நுழைந்து, எதிர் வகை வெளியே நிற்கும்போது நீர்த்த கரைசல்களில் பல வோல்ட் வித்தியாசம் எழுவதை வொர்க்மன், ரேனால்ட்ஸ் இருவரும் 1950இல் காட்டினார்கள். இடிமேகத்தின் மின்சாரத்துக்கு இதுதான் காரணமோ என்பது அவர்களுடைய தேடல். உயிரின் தோற்றத்தை ஆராய்ந்த ஸ்டான்லி மில்லரோ அமோனியாவும் சயனைடும் கலந்த கரைசலை உறையவைத்து 25 ஆண்டுகள் விட்டுவைத்தார். திறந்தபோது அடினின் உட்பட உயிரின் மூலப்பொருட்கள் சில உருவாகியிருந்தன. இரும்புக்கு ஸ்வீடன் சாட்சி. மைனஸ் 10 டிகிரி ஐஸ், 4 டிகிரித் தண்ணீரைவிட அதிகமாக இரும்புக் கனிமத்தைக் கரைக்கிறது என்று உமெயோ பல்கலைக்கழகத்தார் 2025இல் அறிவித்தார்கள். ஐஸில் எதுவும் நடக்காது என்று நம்பி ஒரு பொருளை ஃப்ரீசருக்குள் தள்ளும் நம் வழக்கத்துக்கு இவை ஒவ்வொன்றும் ஒரு குட்டு.

ஃபேக்டரியில் செய்தது

தூள் உடம்புக்குக் கேடா என்பதுதான் ஜூஸ் கடைக்காரரின் முதல் கவலை. கால்சியம் கார்பனேட்டால் ஒன்றும் ஆகாது, வெற்றிலை போடுபவர் வாயில் போவதைவிடக் குறைவுதான். எனக்குக் கவலை தந்தது வேறு. நைட்ரேட் படியாது, வினையும் ஆகாது, அப்படியே நடுவில் சேரும். குடிநீர்த் தர விதியில் நைட்ரேட்டுக்கு லிட்டருக்கு 45 மில்லிகிராம் என்ற வரம்பில் தளர்வே இல்லை. வரம்புக்குள் இருக்கும் தண்ணீரில் செய்த கட்டியின் நடுத்துண்டு வரம்பைத் தாண்டியிருக்கலாம். முழுக் கட்டி உருகிய தண்ணீரைச் சோதித்தால் இது தெரியவே தெரியாது.

தீர்வுக்கு முதலில் எல்லோரும் சொன்னது ஆர்.ஓ. அது சரியான வழிதான். ஆனால் கழிவாகும் உப்புத் தண்ணீரை எங்கே விடுவது என்ற கேள்வி திருப்பூர்க்காரர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அடுத்து, வீடுகளில் மாட்டும் சாஃப்ட்னர். ஐஸுக்கு அது நல்ல யோசனை இல்லை. கால்சியத்துக்குப் பதில் சோடியம் வந்து உட்காரும், பைகார்பனேட் அப்படியே இருக்கும். தூள் வராது, ஆனால் சோடியம் பைகார்பனேட் மிகுந்த தண்ணீர் மைனஸ் 9க்குக் கீழே போனால் கட்டி விரிசல் விடும். விரிசல் விட்ட கட்டி லாரியில் ஏற்றும்போதே உடையும்.

நான் சொன்னது பழைய வழி. தண்ணீரில் அளவாகச் சுண்ணாம்பு போடுவது. ஸ்காட்லாந்தின் அபர்டீனில் இருந்த தாமஸ் கிளார்க் 1841லேயே காப்புரிமை வாங்கிய முறை. நீற்றிய சுண்ணாம்பு, கரைந்திருக்கும் பைகார்பனேட்டைத் தண்ணீரில் இருக்கும்போதே கார்பனேட்டாகப் படியவைத்துவிடும். காற்று ஊதினால் இரும்பும் சேர்ந்து படியும். தெளிந்த பிறகு மேல்தண்ணீரை மட்டும் கேனுக்கு எடுக்க வேண்டும். ஐஸுக்குள் நடக்கிற வினையைத் தொட்டியிலேயே முன்கூட்டி நடத்திவிடுகிறோம், வேறொன்றுமில்லை. இதைக் கேட்டதும் ஃபேக்டரிக்காரர் சிரித்துவிட்டார். "சுண்ணாம்பு போட்டம்னு புகாருங்க, இப்ப நீங்களே போடச் சொல்றீங்க!"

அளவு தப்பினால் தண்ணீர் காரமாகிவிடும் என்பதால், காரத்தில் நிறம் மாறும் ஃபினால்ஃப்தலீன் பாட்டில் ஒன்றைக் கொடுத்து, எந்த நிறத்தில் நிறுத்த வேண்டும் என்று ஆபரேட்டருக்குப் பழக்கிவிட்டேன். சல்பேட், குளோரைடாக இருக்கும் நிரந்தரக் கடினத்தன்மையை இது தொடாது. அதற்கு ஃபேக்டரிகளில் முன்பே இருந்த இன்னொரு பழக்கத்தைத் திரும்பக் கொண்டுவரச் சொன்னேன். நடு உறையும் முன் மிச்சக் குளத்தைச் சின்னப் பம்பால் உறிஞ்சி எடுத்துவிட்டு, அந்தக் குழியில் புதுத்தண்ணீர் ஊற்றி உறையவைப்பது. ஆள் பற்றாக்குறையில் அதைப் பலரும் கைவிட்டுவிட்டார்கள். ஆர்.ஓ. இல்லாமல் நைட்ரேட்டையும் சேர்த்து வெளியே எடுக்க இது ஒரு வழி.

மூன்று கேன் போட்டுப் பார்த்தோம். வெறும் போர்த் தண்ணீர்க் கட்டி உருகியதும் பழையபடி வெள்ளை. சுண்ணாம்பில் தெளிந்த தண்ணீரில் நடு வெளுத்திருந்தது, அதில் குமிழிதான், தூள் பெயருக்கு. சுண்ணாம்போடு நடுவையும் உறிஞ்சிய கேனில், கட்டிக்குப் பின்னால் பிடித்த செய்தித்தாளின் தலைப்பைப் படிக்க முடிந்தது.

ஜூஸ் கடைக்காரர் இப்போதும் அங்கேதான் ஐஸ் வாங்குகிறார். கட்டியை உடைத்து, ஓரத்துச் சில்லைக் கிளாஸுக்கும், நடுத்துண்டைப் பாட்டில் குளிரவைக்கும் பெட்டிக்கும் பிரித்துப் போடச் சொல்லியிருக்கிறேன். உறிஞ்சிய நடுத்தண்ணீரைத் தென்னைக்கு விடலாமா என்று ஃபேக்டரிக்காரர் கேட்டார். அந்த உப்புக்குத் தென்னை எவ்வளவு நாள் தாங்கும் என்பது மண்ணைப் பொறுத்தது. மண் மாதிரி கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன்.